கிழக்கே எழுந்த இரண்டு வெளிச்சங்கள்: லடாக்கில் ராணுவம் துரத்திய கோள்களும் சரிபார்க்கும் வழியும்

வானத்தில் தினமும் ஒரே பக்கம் ஒரு வெளிச்சம் வந்து நிற்கிறது, அது என்னவென்று நீதான் சொல்ல வேண்டும் என்று ஒருவர் தலையில் பொறுப்பு விழுந்தால் அவருக்குக் கைகொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். வானியல் தெரிந்தவர்கள் "வெள்ளியா இருக்கும், விடுங்க" என்று முடித்துவிடுவார்கள். பறக்கும் தட்டை நம்புகிறவர்களுக்கு நாம் எதைச் சொன்னாலும் மூடி மறைப்பதாகத்தான் படும். நடுவில் மாட்டிக்கொண்டவர் ராத்திரி விழித்து, தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதுதான். இந்தச் சரிபார்ப்பு வேலையில் எனக்குப் போன தூக்கமும் காசும் இன்னொருவருக்குப் போக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் என் கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ள லடாக்கில் நம் ராணுவத்துக்கு நடந்ததைவிட நல்லது கிடையாது. எங்கெங்கே வழுக்குமோ அங்கெல்லாம் அந்த வழக்கு வழுக்கியிருக்கிறது.

2012 ஆகஸ்ட். பாங்காங் ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், 130 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மேற்குப் பகுதி நம் வசம், கிழக்கே உள்ள பெரும்பகுதி சீனா வசம். தென்கரையில் தாகுங் என்ற இடத்தில் இருக்கும் காவல் நிலையிலிருந்து வீரர்கள் பார்க்கும்போது சீனப் பக்க மலைமுகட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் எழும்பி, மெதுவாக நம் பக்கம் வரும். இரவில் ஒன்று, விடியும் முன் இன்னொன்று. எல்லையில் வேவு ட்ரோன்கள் பறப்பது அப்போது புதிய கவலை. அதனால் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் 329 பதிவுகள். அதில் 155, எல்.ஏ.சி. எனப்படும் இந்திய-சீன நடைமுறை எல்லைக் கோட்டைத் தாண்டிய அத்துமீறல் என்று கணக்கு. இந்த எண்களை 2013 ஜூலையில் கொல்கத்தாவின் டெலிகிராப் நாளிதழ்தான் வெளியே கொண்டுவந்தது.

இடையில் செய்யாத முயற்சி இல்லை. நடமாடும் ரேடாரைக் கொண்டுபோய் வைத்தார்கள், அதில் எதுவும் விழவில்லை. ரேடியோ சமிக்ஞை ஏதாவது வருகிறதா என்று கருவி வைத்துக் கேட்டார்கள், அதிலும் ஒன்றும் இல்லை. ஒரு வேவு ட்ரோனை அந்த வெளிச்சத்தை நோக்கியே அனுப்பினார்கள், அது ஏற முடிந்த உயரம்வரை ஏறி, இலக்கைத் தவறவிட்டுத் திரும்பியது என்று 2012 நவம்பரில் பத்திரிகைகள் எழுதின. அந்த ட்ரோனை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும். அந்த வெளிச்சங்களில் ஒன்று வியாழன் என்று பின்னால் தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பூமிக்கு மிக நெருங்கியபோதுகூட வியாழன் 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருந்தது.

கடைசியில் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் கேட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்நியமான இடமில்லை அது. காவலூரில் ஜவ்வாது மலை மேல் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகமும், கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் அவர்களுடையவைதான். லடாக்கிலேயே ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் அவர்களுக்கு 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ரொம்பச் சின்னது: இந்தப் பொருள்கள் வானத்தைச் சேர்ந்தவையா, மண்ணைச் சேர்ந்தவையா? பதிலுக்குப் புது ரேடாரோ புது ட்ரோனோ தேவைப்படவில்லை. நட்சத்திரங்களை வைத்து அந்த வெளிச்சங்கள் எப்படி நகர்கின்றன என்று குறித்துப் பார்த்தார்கள். ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

செய்தி வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மைனஸ் குளிரில் சென்ட்ரி நிற்பவன் நிலைமையில் வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் என்று சொல்லி அது ட்ரோனாக இருந்துவிட்டால் அவன் தலை உருளும். ட்ரோன் என்று எழுதி அது நட்சத்திரமாக இருந்தால் கேலிப் பேச்சோடு போகும். யாராக இருந்தாலும் எழுதத்தான் செய்வார்கள், எழுதவும் வேண்டும். 2013 ஏப்ரலில் லடாக்கின் தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் உண்மையாகவே வந்து கூடாரம் அடித்து மூன்று வாரம் உட்கார்ந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பயம் கற்பனையில்லை, வெளிச்சமும் கற்பனையில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்ட இடத்தில்தான் சிக்கல்.

அந்த முடிச்சு விழுந்ததற்கு முதல் காரணம் பூகோளம். சீனா கிழக்கே இருக்கிறது. வானத்தில் உள்ள எதுவும் கிழக்கே எழுந்து மேற்கே போகும். ஆக வியாழன் எழும்போதெல்லாம் சீனப் பக்கத்திலிருந்து கிளம்பி, தலைக்கு மேலாக வந்து, இந்தியப் பக்கத்தில் இறங்கும். வேறு வழியே கிடையாது. இரண்டாவது, காற்று. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். தூசியும் ஈரமும் சொற்பம். நம் ஊரில் அடிவானத்துக்கு அருகில் மங்கிப்போகும் கோள் அங்கே முகட்டைத் தாண்டிய நொடியிலேயே முழுப் பிரகாசத்தோடு நிற்கும். மலை மறைத்துக்கொண்டிருப்பதால் அது மெல்ல மெல்லத் தெளிந்து வராமல், யாரோ சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று வந்து நிற்கும். ஒருவரை "இது விளக்கு" என்று நம்பவைக்க அது ஒன்றே போதும்.

இந்த வழக்கை நானே கணினியில் நாள்வாரியாக ஓட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும், கைப்பேசியிலும் ஓடும். ஆனால் அதைப் பயன்படுத்துவதிலேயே மூன்று இடத்தில் நேரம் விரயமாகும், யாரும் சொல்வதில்லை. முதலாவது, இடம். அமைக்காமல் விட்டால் அது வேறு ஏதோ ஊரின் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். திரையில் எந்த ஊர் என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள். இரண்டாவது, நேர மண்டலம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம்தான், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். வரைபடத்தில் ஏரியின் கிழக்குக் கரையில் தவறிக் கைபட்டால் மென்பொருள் சீன நேரத்துக்குப் போய்விடலாம், அதற்கப்புறம் எந்தக் கணக்கும் ஒத்துவராது. நேர மண்டலத்தைக் கையால் 5:30 என்று பூட்டிவிடுங்கள். மூன்றாவது, அடிவானம். மென்பொருள் சமதளத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கண்ணெதிரே 5 பாகை உயரத்துக்கு மலை இருந்தால் கோள் கண்ணில் படுவதற்கு அரைமணி கூடத் தாமதமாகும். புகாரில் "எட்டு மணிக்கு வந்தது", கணினியில் "ஏழரை" என்று இருந்தால் உடனே தள்ளுபடி செய்யாமல் முகட்டின் உயரத்தைக் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக எழும், அதாவது மாதத்துக்கு இரண்டு மணி நேரம். வியாழனும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாங்காங் பகுதியில் சமதள அடிவானத்தை வைத்துப் பார்த்தால், 2012 ஆகஸ்ட் நடுவில் வியாழன் நள்ளிரவு தாண்டி எழுகிறது. அக்டோபர் நடுவில் எட்டரை வாக்கில், டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து மணி வாக்கில், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி. எந்த நாட்டுப் படையும் நாள் தவறாமல் நான்கு நிமிடம் முன்னால் தள்ளித் தள்ளி ட்ரோனைக் கிளப்பாது. பதிவேட்டில் "முதலில் கண்ட நேரம்" என்று ஒரு பத்தி ஒழுங்காக இருந்து, அதை ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைத்திருந்தால், இரண்டே வாரத்தில் சாய்கோடு தெரிந்திருக்கும்.

ஆனால் இந்த நான்கு நிமிட விதியை மட்டும் தெரிந்துகொண்டு கிளம்புகிறவர் வெள்ளியிடம் மாட்டுவார். அதே மாதங்களில் வெள்ளி நேர்மாறாக நடந்துகொண்டது. ஆகஸ்ட் நடுவில் இரண்டு மணி வாக்கில் எழுந்தது, அக்டோபர் நடுவில் மூன்று, டிசம்பர் தொடக்கத்தில் நாலேமுக்கால். நாளுக்கு நாள் தாமதம்! காரணம், 2012 ஆகஸ்ட் 15-இல் சூரியனிலிருந்து 46 பாகை விலகி நின்ற வெள்ளி, அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களுக்கிடையே அது ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் கிழக்கே நகரும். எழும் இடமும் நிலையாக இல்லை. ஆகஸ்டில் கிழக்கு-வடகிழக்கில் எழுந்தது, ஜனவரியில் கிழக்கு-தென்கிழக்குக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட 50 பாகை. காவல் நிலையிலிருந்து பார்ப்பவனுக்கு அது மலைமுகட்டோரமாகத் தெற்கு நோக்கி ரோந்து போவதாகத்தான் தோன்றும். ஒன்று முந்துகிறது, இன்னொன்று பிந்துகிறது, ஒன்று ஒரே இடத்தில் எழுகிறது, இன்னொன்று இடம் மாறுகிறது. இரண்டையும் ஒரே பதிவேட்டில் "வெளிச்சம்" என்று ஒரே பெயரில் எழுதினால் எந்த ஒழுங்கும் தெரியாது. ஆகவே மாலையில் வருவதற்கு ஒரு பெயர், விடியலில் வருவதற்கு ஒரு பெயர், தனித்தனித் தாள். என் சாயங்காலங்களில் பெரும்பங்கை விழுங்கியது இப்படிக் கலந்து கிடந்த புகார்களைப் பிரித்தெடுக்கும் வேலைதான்.

கோணம் அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். கையை முழுசாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் 10 பாகை, சுண்டுவிரல் ஒரு பாகை. அடிவானத்திலிருந்து நடு உச்சிக்கு ஒன்பது முஷ்டி வருகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், எட்டோ பத்தோ வந்தால் உங்கள் கைக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் துல்லியம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தபடி நூலை விரலால் அழுத்திப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும். 90-இலிருந்து நூல் எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுவே உயரக்கோணம். ஒன்றிரண்டு பாகைக்குள் சரியாக வரும். காற்றடித்தால் நூல் ஆடும், நட்டுக்குப் பதில் கனமான போல்ட்டைக் கட்டுங்கள்.

திசைக்குக் காம்பஸை நம்பினால் ஏமாற்றம்தான். துப்பாக்கி, ஜீப், இரும்புக் கூரை, கைப்பேசி உறையில் இருக்கும் காந்தம் எல்லாமே ஊசியை இழுக்கும். கைப்பேசிக் காம்பஸ் பத்துப் பதினைந்து பாகை தவறுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அதைவிட, நிற்கும் இடத்தில் தரையில் ஓர் அடையாளம் போட்டு, அதே இடத்தில் நின்று, எந்த முகட்டுக்கு அல்லது எந்த டவருக்கு மேலே தெரிந்தது என்று எழுதுங்கள். பிறகு வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளை இணைத்தால் திசைக்கோணம் சுத்தமாகக் கிடைத்துவிடும்.

"அது அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது" என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. இருட்டில் ஒற்றைப் புள்ளியைச் சில வினாடிகள் உற்றுப் பார்த்தால் அசையாத புள்ளியும் அசைவதுபோலத் தெரியும், கண்ணின் சுபாவம் அது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாலு பேருக்கும் அசையும், ஒருவர் "இடதுபக்கம் போகுது" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் அப்படியே தெரிய ஆரம்பிக்கும். இதற்கு மருந்து ஒன்றுதான்: தலையைச் சுவரில் சாய்த்து அசையாமல் வைத்துக்கொண்டு, ஒரு கம்பத்தின் விளிம்பை ஒட்டி வெளிச்சத்தைப் பார்ப்பது. அல்லது இரண்டு குச்சிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டு, இரண்டின் நுனியையும் வெளிச்சத்தோடு நேர்கோட்டில் வைப்பது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற கணக்கில் ஒரே சீராக, ஒரே பக்கமாக விலகினால் அது வானத்தோடு சேர்ந்து சுற்றுகிற பொருள். நம் ஊர் அட்சரேகையில் அது ஏறக்குறையச் செங்குத்தாக மேலே ஏறும். லடாக்கில் வலதுபுறம் சாய்ந்தபடி ஏறும். அந்தச் சாய்வுதான் அங்கே "பக்கவாட்டில் பறக்கிறது" என்ற எண்ணத்தைத் தந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இவ்வளவும் ஒரு காவல் நிலையிலிருந்து செய்யக்கூடியவை. இரண்டு நிலைகள் கிடைத்தால் ஒரே ராத்திரியில் வேலை முடிந்துவிடும், இதை ஏன் முதல் வாரத்திலேயே செய்யச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம். ரயிலில் போகும்போது மரங்கள் பின்னால் ஓடும், நிலா மட்டும் கூடவே வரும் இல்லையா, அதே சங்கதி. பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் இருவர் நிற்க, இருபது கிலோமீட்டர் தூரத்தில் ட்ரோன் இருந்தால், இருவர் பார்க்கும் திசைக்கும் ஏறத்தாழ 27 பாகை வித்தியாசம் வரும். இடைவெளி ஒரே கிலோமீட்டர்தான் என்றாலும் 3 பாகை, அதாவது ஆறு முழு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியே வேண்டாம், கைமுஷ்டியிலேயே கண்டுபிடித்துவிடலாம். கோளாக இருந்தால் வித்தியாசம் பூஜ்யம். ஆனால் மூன்று நிபந்தனை உண்டு. இருவரும் வயர்லெஸ்ஸில் எண்ணிக்கை சொல்லி அதே நொடியில் அளக்க வேண்டும், இரண்டு நிமிடம் தவறினால் அரைப் பாகை பிழை வந்துவிடும். இருவரும் அதே பொருளைத்தான் பார்க்கிறார்கள் என்பது உறுதியாக வேண்டும், பக்கத்தில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையும் சேர்த்து அளந்தால் சந்தேகம் தீரும். 2012-இல் வியாழனுக்கு அருகிலேயே ரோகிணி சிவப்பாக நின்றது, அது போதுமாயிருக்கும். மூன்றாவது, இருவரையும் இணைக்கும் கோடு வெளிச்சத்தின் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நின்று அளந்தால் ட்ரோனும் கோள் மாதிரியே பூஜ்யம் காட்டும்.

இன்னொரு குறுக்குவழி பைனாகுலர். 10x50 அளவு (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்), டிரைபாடில் மாட்டும் எல் வடிவ அடாப்டர், அவ்வளவுதான். வியாழனைக் கையில் பிடித்துப் பார்த்தால் நடுங்கும் வெள்ளைப் பொட்டு. ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தால் அதன் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனை போல இரண்டோ மூன்றோ நான்கோ புள்ளிகள். மறுநாள் அதே நேரத்தில் அவற்றின் வரிசை மாறியிருக்கும். கலிலியோ பார்த்த நிலாக்கள்தான். அவற்றைப் பார்த்துவிட்ட பிறகு ட்ரோன் பேச்சு எடுபடாது. நடுங்கினால் நிலாக்கள் தெரியாது என்பதால், ஸ்டாண்ட் இல்லாதபோது மண்மூட்டை மேல் வைத்தாவது பாருங்கள். காசு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: பெட்டியில் "525 மடங்கு" என்று போட்டு விற்கும் சின்னத் தொலைநோக்கியை வாங்க வேண்டாம். எனக்கு ஏழாயிரம் ரூபாய் அப்படிப் போனது. லென்ஸைவிட அதன் கால்கள் மோசம், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே பத்து வினாடி ஆடும்.

வெள்ளிக்கு வேறு சோதனை. அது சூரியனிலிருந்து தூர விலகி நிற்கும் மாதங்களில் பைனாகுலரில் உருவம் சரியாகத் தெரியாது. ஆனால் விடிந்தும் அதை விடாமல் பின்தொடரலாம். குச்சி நட்டு வைத்திருந்தால், சில நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளித் தள்ளிக் குறிவைத்து, சூரியன் எழுந்த பிறகும் நீலவானத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பிடிக்க முடியும், லடாக் போன்ற தெளிந்த வானத்தில் இன்னும் சுலபம். தூரத்து ட்ரோன் விளக்கு அந்த வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்காது. வெறுங்கண்ணால் மட்டும் இதைச் செய்யுங்கள். சூரியன் மேலே வந்தபின் கிழக்கே பைனாகுலரைத் திருப்புவது கண்ணைப் பறிகொடுக்கும் வேலை.

கைப்பேசி வீடியோவை ஆதாரமாக எடுத்துக்கொண்டு ஆராய்வதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். இருட்டில் ஒற்றைப் புள்ளியை ஜூம் செய்தால் ஆட்டோஃபோகஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் தேடும். புள்ளி ஊதிப் பெருத்து வட்டத் தட்டாகி, மறுபடி சுருங்கும். அந்தத் தட்டு லென்ஸ் துவாரத்தின் வடிவம், வானத்தில் உள்ள எதனுடையதும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலமாக மினுங்குவதும் அடிவானத்துக்கு அருகில் காற்று ஒளியைப் பிரிப்பதால்தான். வீடியோ எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டில் வைத்து, ஃபோகஸை முடிவிலியில் பூட்டி, ஜூமைத் தொடாமல், ஒரு மரக்கிளையோ மாடி விளிம்போ படத்தில் வரும்படி அரைமணி நேரம் ஓடவிடுங்கள். பார்க்கச் சலிப்பான அந்த வீடியோவில்தான் அளக்க ஏதாவது இருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "எல்லாம் வெள்ளிதான்" கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடுவேன். 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில், காட்மேன் விமானத்தளத்துக்கு மேலே தெரிந்த பொருளைத் துரத்தி கேப்டன் தாமஸ் மான்டெல் எஃப்-51 விமானத்தில் ஏறினார். ஆக்சிஜன் கருவி இல்லாமல் அளவுக்கு மீறி உயரம் போனவர் விழுந்து இறந்தார். விமானப்படை முதலில் வெள்ளி என்றது. திசையைப் பார்த்தால் வெள்ளி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பட்டப்பகலில் வெள்ளி, இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் தேடினால் கிடைக்காத ஊசிமுனை. அத்தனை பேர் பெரிய, பளபளப்பான பொருளைப் பார்த்ததற்கு அது பொருந்தவில்லை. அப்போது ரகசியமாக விடப்பட்டுவந்த ஸ்கைஹூக் ராட்சத பலூன்தான் அது என்ற விளக்கமே பிற்பாடு நின்றது. திசை ஒத்துப்போனால் மட்டும் போதாது. உயரம், பிரகாசம், நேரம், நகரும் வேகம் எல்லாமே ஒத்துப்போக வேண்டும். அவசரப்பட்டு வெள்ளி என்று முத்திரை குத்தினால், அது தப்பென்று தெரியும் நாளில் அதற்கு முன் சொன்ன சரியான விளக்கங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். அந்த நாட்டு விமானப்படை 1947 முதல் 1969 வரை சேர்த்த 12,618 புகார்களில் 701-க்கு விளக்கமில்லை என்றே விட்டுவைத்தது. "தகவல் போதவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுபக்கம், கோளை விமானம் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2011 ஜனவரியில் டொரான்டோவிலிருந்து சூரிச் போன பயணிகள் விமானம் சாட்சி. சிறுதூக்கத்திலிருந்து எழுந்த துணை விமானி வெள்ளியை எதிரே வரும் விமானமென்று எண்ணினார். பிறகு நிஜமாகவே ஆயிரம் அடி கீழே எதிரில் வந்த ராணுவ விமானத்தை நேராக மோத வருவதாகக் கருதி மூக்கைக் கீழே அமுக்கினார். அந்தக் குலுக்கலில் 16 பேருக்குக் காயம். பயிற்சி பெற்ற விமானிக்கே இது நடக்குமென்றால், புகார் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் குரலை உயர்த்த நமக்கு உரிமை இல்லை. "ஐயா, நீங்க பார்த்தது உண்மைதான், நாளைக்கு ராத்திரி இத்தனை மணிக்கு அதே முகட்டுக்கு மேல மறுபடி வரும், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். முன்கூட்டியே சொன்ன நேரத்தில் அது வந்து நிற்கும்போது வாக்குவாதத்துக்கு வேலை இருக்காது. வராவிட்டால் இன்னும் நல்லது, அப்போதுதான் உண்மையான விசாரணை தொடங்குகிறது.

கடைசியாக, காலண்டரில் குறித்துவைக்க ஒரு கணக்கு. வியாழன் 399 நாளுக்கு ஒருமுறை ராத்திரி முழுக்கத் தெரியும் நிலைக்கு வரும், அந்த மாதங்களில் புகார்கள் கூடும். சூரியனை வைத்துப் பார்த்தால் வெள்ளி அதே நிலைக்குத் திரும்பும் சுற்று 584 நாள். அதில் ஐந்து சுற்று சேர்ந்தால் ஏறக்குறையச் சரியாக எட்டு ஆண்டு, அதனால் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதியை ஒட்டி, அதே இடத்தில், அதே பிரகாசத்தோடு வெள்ளி நிற்கும். 2012 ஆகஸ்டில் தாகுங்கில் பார்த்த அதே விடிவெள்ளி, 2020 ஆகஸ்டில், பாங்காங் தென்கரையில் இரு நாட்டுப் படைகளும் நேருக்கு நேர் நின்ற அந்த வாரங்களிலும், அதே போலக் கிழக்கு-வடகிழக்கில் இரண்டு மணி வாக்கில் எழுந்தது. அடுத்த முறை 2028 ஆகஸ்ட். அங்கே காவல் நிற்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டு குச்சியும் ஒரு சரியான கடிகாரமும் எடுத்துக்கொண்டு போங்கள்.